பூர்ணிமாவின் நாலாவது வரி

எனக்கு மூக்குமேல கோபம். பிரிசில்லா மிஸ் நான் வர்றேன்னாலே எட்டாம் வகுப்பு கப்சிப்னு ஆயிடும்.

போன திங்கட்கிழமை, "படத்துக்குப் போறதைப் பத்திக் கவிதை எழுதுங்க. வரிக்கு ஒரு 'போல' வரணும்"னு சொன்னேன். நல்லதா மூணு எடுத்து வெள்ளிக்கிழமை வட்டாரப் போட்டிக்கு அனுப்பணும். முக்கால்வாசிப் பேர் திரை வானம் போலன்னு எழுதி என் உயிரை வாங்கினாங்க. பூர்ணிமா மட்டும் வேற எழுதியிருந்தா.

படம் போடும் இடம் பசை டப்பா போல வாசனை அடிக்கும்.
ஜனங்க ஜோடி ஷூ போல ஒட்டி உட்காருவாங்க.
திரை காத்துல அம்மா புடவை போல ஆடும்.

"ஆம்பூர் தியேட்டர்ல பசை வாசனையா? திரை ஆடுதா? யார்கிட்ட கதை விடுற?" எல்லார் எதிரிலயும் கேட்டு, மூணு வரியையும் சிவப்பு மையில அடிச்சுட்டேன். அவ பேப்பரைத் திருப்பி வாங்காமலே போய் உட்கார்ந்துட்டா. அப்புறம் மூணு நாள் நோட்டையே திறக்கல. என் வகுப்புல நெஜமா எழுத வர்றது அவளுக்குத்தான். அதை நானே கெடுத்துட்டேனோன்னு உறுத்த ஆரம்பிச்சுது.

வியாழக்கிழமை அவ பக்கத்துல உட்கார்ற உமைமா வந்து நின்னா.

"மிஸ், அவ தியேட்டரே பாத்ததில்ல. அவங்கம்மா ஷூ கம்பெனியில, நாள் பூரா ஷூவைச் சுமந்து ஓடுற பெல்ட் முன்னாடி நின்னு பசை தடவுறாங்க. ஆயுத பூஜைக்கு மிஷினெல்லாம் நிறுத்திட்டு, அந்த ஷெட்லயே துணி கட்டிப் படம் போடுவாங்க. வீட்ல இருக்கறவங்களையும் கூப்பிடுவாங்க. அதைத்தான் எழுதினா."

ஆம்பூர் பக்கத்துல இந்த மாதனூர்ல பன்னெண்டு வருஷமா பாடம் எடுக்குறேன். தினம் காலையில கம்பெனி பஸ் பின்னாடிதான் என் ஸ்கூட்டி வருது. இதுகூடத் தெரியாம பேனாவைத் தூக்கியிருக்கேன். வெக்கமா இருந்துச்சு.

மறுநாள் வகுப்புல சொன்னேன். "தப்பு என் மேல. பூர்ணிமா பாத்ததைத்தான் எழுதினா." அப்புறம் போர்டுல நானும் ஒரு வரி எழுதினேன்: 'படம் பாக்காமலே குறை சொல்றவ போலத் திருத்தினேன்.' பின் பெஞ்சுல சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

பூர்ணிமா எழுந்து வந்தா. "என் பேப்பர் குடுங்க மிஸ்."

கிழிச்சுடுவாளோன்னு பயந்துகிட்டேதான் குடுத்தேன். அவ என் மேஜையிலயே குனிஞ்சு, சிவப்புக் கோட்டுக்குக் கீழ இன்னொரு வரி எழுதினா.

அன்னைக்கு மட்டும் அம்மா, நின்ன பெல்ட் போல, என் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருந்தாங்க.

வேற தாள்ல எழுதித் தரச் சொல்லல. என் சிவப்புக் கோட்டோடவே போட்டிக்கு அனுப்பினேன்.