எழுத்துக்குச் சொன்னது

பதினொரு வருடமாக இந்த வலைப்பூவை எழுதுகிறேன். என் மனைவியின் குடும்பத்தில் ஒருவரும் இதில் ஒரு வரிகூட வாசித்ததில்லை. இப்போது எல்லோரும் வாசிக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் பதிவு ஏறிப் பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் வந்து பார்த்துவிடுகிறார்கள். அந்த மூன்று பேரும் யாரென்று எனக்குத் தெரியும். இதையும் வாசிப்பீர்கள். வாசியுங்கள். இன்றைக்கு உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். வார நாட்களில் நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசிப்பவன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கேற்றைத் தட்டுவேன். சில வீடுகளில் மீட்டர் விறாந்தையில் இருக்கும், சில வீடுகளில் குசினிச் சுவரில். உள்ளே சண்டை நடந்தாலும் அழுகை நடந்தாலும் நடுவில் நின்று இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வெளியே வருவேன். கண்டதைச் சனிக்கிழமைகளில் எழுதினேன், ஊர் பெயர் போடாமல். நாற்பது பேர் வாசித்தார்கள், மழைக்காலத்தில் அறுபது. ரொறொன்ரோவில் இருந்து ஒருவர் எல்லாப் பதிவுக்கும் "அருமை" என்று பின்னூட்டம் போடுவார். என் மனைவி ஸுஹைனா மௌத்தான செய்தியை எழுதியபோதும் "அருமை" என்று போட்டார். அன்றைக்கே அவரைத் தடை செய்தேன்.

ஸுஹைனா உயிரோடு இருந்தவரை என் பதிவுகளை வாசித்ததில்லை. "ஆக்கள்ர வீட்டுக்குள்ள போய்ப் பாத்திட்டு வந்து எழுதுற களவுதானே," என்பாள். ஆனால் சனிக்கிழமை தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, இன்றைக்கு யாருடைய வீடு என்று கேட்காமல் போகவும் மாட்டாள். நான் சொன்னால், அந்தப் பெண் பாவம், அதை எழுத வேண்டாம் என்பாள். பெரும்பாலும் எழுதிவிடுவேன்.

போன வருடம் பெப்ரவரியில், வாவிக்கரை வீதியில், நான் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒரு கன்றுக்குட்டியில் மோதியது. அவள் பின்னால் இருந்தாள். எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவள் அன்றைக்கு இஷாத் தொழுகைக்கு முன் மௌத்தானாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான். ஓட்டமாவடியில் பிறந்த நான் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் காத்தான்குடிக்கு வந்தேன். கைத்தறிச் சாரன் வியாபாரம் செய்த மாமனார் ஒரே வளவுக்குள் இரண்டு மகள்களுக்கும் இரண்டு வீடு கட்டி, உறுதிப் பத்திரமும் எழுதி வைத்திருந்தார். ஒன்று ஸுஹைனாவுக்கு, மற்றது தங்கை முப்லிஹாவுக்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. முப்லிஹாவுக்கு அஸீமா என்று பத்தொன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஸுஹைனா போய்விட்டால் அவளுடைய வீடு அஸீமாவுக்கு, நான் வந்த பெட்டியோடு ஓட்டமாவடிக்கு. இதை ஊரில் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாற்பது நாள்கூட ஆகவில்லை. முப்லிஹா அளவு நாடாவோடு வந்தாள். நான் கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். என்னை எழும்பச் சொல்லவில்லை. கட்டிலைச் சுற்றி வந்து ஜன்னல்களை அளந்தாள்.

"மச்சான், இந்தப் பக்கத்து நுனியக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன், முறியாத கையால். நாலரை அடி. அஸீமாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவு நிறத்தைப் பற்றியும் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். எனக்கு வீடு வேண்டியிருக்கவில்லை. ஓட்டமாவடியில் தங்கை வீட்டில் எனக்கு எப்போதும் ஓர் அறை உண்டு. அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது, அதுதான் வேண்டியிருந்தது. வழக்கம் ஒன்றைச் சொன்னாலும் மார்க்கம் வேறொன்றைச் சொல்கிறது: பிள்ளை இல்லாமல் மனைவி இறந்தால் அவளுடைய சொத்தில் பாதி கணவனுக்கு. பள்ளிவாசல் நிருவாக சபைக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். நான் கடிதம் நன்றாக எழுதுவேன்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் என் வாசகர்கள் ஆனார்கள்.

முப்லிஹாவின் கணவன் றம்ஸீன் துணிக்கடை வைத்திருக்கிறான். சீட்டித் துணியின் ஓரத்தில் அச்சடித்த எழுத்தைத் தவிர வேறு எதையும் அவன் வாசித்து நான் கண்டதில்லை. அவன் ஒரு மாதம் கடையில் உட்கார்ந்து என்னுடைய ஐந்நூற்றுச் சொச்சம் பதிவுகளையும் வாசித்திருக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை கேற்றடியில் வந்து நின்றான். கையில் பிளாஸ்டிக் கோவை. உள்ளே அச்சடித்த தாள்கள், வரிக்கு வரி மஞ்சள் மையால் கோடு.

"காக்கா, இது நீங்க எழுதினதுதானே?" என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு, தெருவுக்குக் கேட்க வாசித்தான். ஏழெட்டு வருடத்துக்கு முந்திய பதிவு. 'நான் என் மனைவியின் வீட்டில் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன்.' மனைவி அரிசி புடைத்த சத்தத்தைப் பற்றி எழுதிய ஒரு வேடிக்கைப் பதிவு அது.

"எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிட்டாய். நல்லம்," என்றேன்.

"இன்னும் இரிக்கி காக்கா. பள்ளியில காட்டுறன்."

என் எழுத்தை இவ்வளவு கவனமாக இதுவரை ஒருவரும் வாசித்ததில்லை. பதினொரு வருடமாக நான் ஏங்கிய வாசகன் அவன்தான். அவனுக்குத் தேவைப்பட்டது என்னை வெளியே போடுவதற்கு ஒரு வரி. அதுவும் கிடைத்தது.

பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு விசாரணை. நிருவாகத்தில் நான்கு பேர், ஒரு மௌலவி. பக்கத்து அறையில், திரைக்கு அந்தப் பக்கம் முப்லிஹா. றம்ஸீன் கோவையில் இருந்து ஒரே ஒரு தாளை எடுத்து மௌலவியின் முன்னால் வைத்தான். வாடகைக்காரன் பதிவை அவன் கொண்டுவரக்கூட இல்லை. இது ஸுஹைனா இறந்து இரண்டு மாதத்தில் நான் எழுதிய பதிவு. அதன் கடைசி வரி: 'நான்தான் அவளைக் கொன்றேன்.'

மௌலவி கண்ணாடியைத் துடைத்துவிட்டு முழுவதையும் வாசித்தார். பிறகு மற்றவர்களுக்கு மெதுவாக விளக்கினார். கொன்றவனுக்குக் கொல்லப்பட்டவரின் சொத்தில் பங்கில்லை. வேண்டுமென்று செய்தாலும் சரி, கைதவறிச் செய்தாலும் சரி, நம்முடைய மத்ஹபின் சட்டப்படி அப்படித்தான் வந்திருக்கிறது. மாடு தானாகப் பாய்ந்தது என்றால் அது வேறு, ஓட்டியவர் பிழை என்றால் அது வேறு. பொலிஸ் கன்றுக்குட்டி பாய்ந்ததாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் இங்கே இவருடைய சொந்த எழுத்தாக இப்படி ஒன்று இருக்கிறதே.

"தம்பி இஷாம்," என்றார். "இது நடந்ததா? இல்லாட்டி எழுத்துக்குச் சொன்னதா?"

றம்ஸீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த திருப்தியை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எழுத்துக்குச் சொன்னது, மௌலவி," என்றேன். "மனவருத்தத்தில எல்லாரும் அப்பிடித்தான் எழுதுற."

"அப்ப பதினொரு வருஷமும் பொய்யா காக்கா எழுதினீங்க?" என்றான் றம்ஸீன்.

நிருவாகத்தில் ஒருவர் சிரித்தார். எழுதுகிறவன் சொன்னதையெல்லாம் உண்மையென்று பிடித்தால், புதைக்க மையவாடியில் இடம் போதாது என்றார் இன்னொருவர். அறையில் இறுக்கம் தளர்ந்தது. எனக்குப் பாதி என்று முடிவாகிவிட்டதை அந்தச் சிரிப்பிலேயே கண்டேன்.

அப்போது திரைக்குப் பின்னால் இருந்து முப்லிஹா பேசினாள். சத்தம் போடவில்லை.

"மச்சான், வீட்ட எடுத்துக்கங்க. ஸுஹைனா ராத்தா கடைசியா என்ன சொன்னா? அத மட்டும் சொல்லுங்க."

"ஒண்டும் சொல்லல்ல," என்றேன்.

தீர்ப்பு எழுத்தில் வந்தது. பாதி எனக்கு. அஸீமாவின் மாப்பிள்ளை வீட்டார், பாதி வீட்டுக்கு மகனை அனுப்ப முடியாது என்று ஆள் விட்டுச் சொன்னார்களாம். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை, மிகவும் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு இறால் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை எழுத உட்கார்ந்தபோது ஒன்றும் வரவில்லை. ஆரையம்பதியில் ஒரு வீட்டில், மீட்டர் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருந்ததைப் பற்றி நான்கு வரி எழுதினேன். நான்கும் பொய்யாகத் தெரிந்தன. குளவி உண்மை, பெட்டி உண்மை, வீட்டுக்காரர் துடைப்பத்தோடு ஓடியதும் உண்மை. எழுத்துக்குச் சொன்னது என்று ஒரு தடவை சபையில் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எதை எழுதினாலும் எழுத்துக்குச் சொன்னதாகவே ஆகிவிடுகிறது. மூன்று சனிக்கிழமை இப்படிப் போனது. 'பதிவில்லையா' என்று ஒருவரும் கேட்கவில்லை. றம்ஸீன் மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

'நான்தான் அவளைக் கொன்றேன்' என்ற அந்தக் கடைசி வரியை எழுதும்போதே எனக்குத் தெரியும்: உண்மையை எழுத்துப்போல எழுதினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அதற்காகத்தான் அப்படி எழுதினேன். சொல்லியும் ஆகிவிட்டது, மாட்டிக்கொள்ளவும் இல்லை. வலைப்பூ எழுதுகிறவனுக்கு இந்த வித்தை கையில் வந்துவிடும். இனி அந்த வித்தை இல்லாமல் எழுதுகிறேன்.

விபத்து நடந்த அன்றைக்கு, புளியந்தீவில் ஸுஹைனாவுக்குப் புது மூக்குக் கண்ணாடி எடுத்துக்கொண்டு திரும்பினோம். மாலை ஐந்தரை இருக்கும். வாவிக்குள் நட்டிருந்த கட்டைகளில், ஒரு கட்டைக்கு ஒன்றாக, இறகை விரித்துக்கொண்டு நீர்க்காகங்கள். மறுநாள் சனிக்கிழமை. அந்த வாரத்துக்கு என்னிடம் எழுத ஒன்றும் இருக்கவில்லை. நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை. வலது கையால் ஓட்டிக்கொண்டு, இடது கையால் போனை எடுத்து, முகத்தை வாவிப் பக்கம் திருப்பினேன். முதல் படம் சரியாக வரவில்லை. இரண்டாவது எடுத்தேன்.

முப்லிஹா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன்னுடைய ராத்தா சொன்னாள்: "படம் பிறகு எடுக்கலாம், ரோட்டப் பாருங்க." இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை சிரித்துக்கொண்டு சொன்னாள். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. நான் "ஒரு நிமிஷம்" என்றேன். கன்றுக்குட்டி பாயவில்லை. அது வீதியின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. புதுக் கண்ணாடியால் அவள் அதைத் தூரத்திலேயே கண்டிருக்கிறாள். ஓட்டியவன் அதைக் காணவில்லை.

விழுந்த போனை யாரோ புல்லில் இருந்து எடுத்து என் பையில் போட்டிருந்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. அந்த இரண்டாவது படத்தை இந்தப் பதிவின் கீழே போட்டிருக்கிறேன், நேரத்தோடு. நீர்க்காகங்கள் மங்கல். வலது ஓரத்தில், என் தோளுக்கு மேலால் நீண்டு வீதியைக் காட்டும் ஒரு கை தெரியும். அந்தக் கையில் இருக்கும் காப்பை முப்லிஹாவுக்குத் தெரியும்.

றம்ஸீன், இதை மௌலவியிடம் கொண்டு போ. எழுத்துக்குச் சொன்னதா என்று அவர் மறுபடி கேட்டால், இல்லை என்று நானே வந்து சொல்வேன். பங்கு எனக்கு இல்லை. திங்கட்கிழமை ஓட்டமாவடிக்குப் போகிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆள் அனுப்புவதென்றால் இப்போதே அனுப்புங்கள்.

உங்கள் மீது இரக்கப்பட்டு இதை எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். நாற்பது நாளைக்குள் அந்த ஜன்னல்களை அளந்தவர்கள் நீங்கள், அளக்க நுனி பிடித்தவன் நான். ஒருவரை ஒருவர் மன்னிக்க நமக்குள் ஒன்றும் இல்லை. கலியாணத்துக்கு எனக்குச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் வர மாட்டேன்.