தலையாட்டி

ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான் என்ற செய்தி மலாக்காவின் காஜா பெராங்குக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சண்டை முடிந்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று சிவகாமசுந்தரி மூன்றரை வருடமாக மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். வயிறு நிறையச் சோறு, ஒரு கட்டி சவுக்காரம், யாரும் கதவைத் தட்டாத ஒரு பகல் தூக்கம். பெரிய ஆசைகள் இல்லை. ஆனால் பன்னிரண்டு நாளில் அதில் ஒன்றுகூட நடக்கவில்லை. சோற்றுக்குப் பதில் அதே மரவள்ளிக்கிழங்கு, சவுக்காரத்துக்குப் பதில் அதே அடுப்புச் சாம்பல். கதவை மட்டும் முன்னைவிட அதிகமாகத் தட்டினார்கள்.

போதாக்குறைக்குக் கழுத்து வலி. முச்சந்திக்கு முச்சந்தி நின்ற ஜப்பான் காவலாளிக்கு இடுப்பு மடியக் கும்பிடு போடாதவன் அந்த ஊரில் கன்னத்தோடு வீடு திரும்பியதில்லை. காவலாளிகள் இப்போது முகாமுக்குள் ஒடுங்கிவிட்டார்கள். ஆனாலும் அந்த இடம் வந்தால் அவள் தலை தானாகக் குனிந்தது. ஆளில்லாத தெருவுக்குக் கும்பிடு போடுகிறோமே என்று அவளுக்கே எரிச்சலாக இருக்கும்.

அன்று காலை கதவைத் தட்டியது அவளுடைய தம்பி ஜெயபாலன். ஜப்பானை எதிர்த்த காட்டுப்படையில் சேரப் பத்தொன்பது வயதில் காட்டுக்குள் போனவன், படையின் மூன்று நட்சத்திரத் தொப்பியும், துப்பாக்கியும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுமாகத் திரும்பியிருந்தான். அம்மா சண்டைக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அக்காவும் தம்பியும்தான் மிச்சம்.

"அக்கா, ஆளு கெடைச்சிட்டான்," என்றான் வாசலில் நின்றபடியே. "தலையாட்டியப் புடிச்சிட்டோம். நாளைக்குக் காலையில திடல்ல விசாரணை. நீதான் சாட்சி."

"யாரு, கணேசமூர்த்தியா?"

"வேற யாரு?"

அவள் அடுப்பைப் பார்த்தாள். கிழங்கு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

சண்டைக்கு முன்பு தலையாட்டி என்றால் மலாக்காத் தமிழர்களுக்கு ஒரே பொருள்தான். துரை என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறவன். ஜப்பான்காரன் வந்து அதற்குப் புதுப்பொருள் கொடுத்தான். ஒருவன் தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வைப்பார்கள். ஊர் ஆண்கள் வரிசையாக அவன் முன்னால் நடக்க வேண்டும். சாக்கு ஆடினால் லாரி. ஆடாவிட்டால் வீடு.

சுந்தரியின் தாத்தா சேதுபதிக்குச் சாக்கு ஆடியது.

சேதுபதி தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர். புக்கிட் ரம்பாய், குருபோங் பக்கத் தோட்டங்களில் அவர் பெயரைச் சொன்னால் கணக்கெழுதும் கிராணிமார்கள் கூலிக் கணக்கை மறுபடி சரிபார்ப்பார்கள். சீனர் சங்கத்தோடு சேர்ந்து ஜப்பான் சரக்கை வாங்காதே என்று நோட்டீஸ் போட்டவரும் அவர்தான். அந்த நோட்டீஸ்தான் பிறகு எமனாக வந்தது. ஆனால் சுந்தரிக்கு அவரை நினைத்தால் நோட்டீஸ் நினைவுக்கு வராது. குருபோங் தோட்டத்து வேலைநிறுத்தம்தான் வரும்.

பதினெட்டு நாள் நடந்தது அது. கடைசி நாள் வெள்ளைக்காரத் துரை வந்து நின்று, "எல்லாருக்கும் திருப்திதானே?" என்று கேட்டான். முந்நூறு பேரும், பயமும் மரியாதையும் கலந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்கள். கேட்டுக்கொண்டோம் துரை என்பதுதான் அதற்கு அர்த்தம். துரையோ சம்மதம் என்று எழுதிக்கொண்டு காரில் ஏறிவிட்டான். பதினெட்டு நாள் பட்டினி பாழ். சேதுபதி தலைப்பாகையைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"கழுத்து என்னா கெணத்து ராட்டினமா? சும்மா ஆடிக்கிட்டே இருக்குது!" என்று கத்தினார். "தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு. ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. நீ தலைய ஆட்டுனா எதிராளி அவனுக்கு வேண்டியத எடுத்துக்குவான். வெளங்குதா?"

முந்நூறு பேரும் விளங்குகிறது என்று தலையை ஆட்டினார்கள்.

அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவருக்கு அதே பேச்சுத்தான். வீட்டில் மட்டும் கதை வேறு. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டால், வாயில் சோற்றோடு தலையைச் சாய்ப்பார். சுந்தரி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வாயத் தொறந்து சொல்லுங்க தலைவரே!" என்பாள். அவருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வரும். கொலையுண்ட தலைவர் என்று ஊர் இப்போது அவரைப் பெரிய வார்த்தையால் சொல்கிறது. அவளுக்கு அந்தப் புரையேறும் சிரிப்புப் போனதுதான் தாங்கவில்லை.

மத்தியானம் கதவை மறுபடி தட்டினார்கள். கணேசமூர்த்தியின் மனைவி ருக்மணி நின்றுகொண்டிருந்தாள். கணேசமூர்த்தி சங்கத்தில் தாத்தாவுக்கு எழுத்தராக இருந்தவர். ஜப்பான்காரன் வந்த புதிதில் அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஐந்து நாள் வைத்திருந்தான். ஐந்தாம் நாள்தான் திடலில் சாக்கு உட்கார்ந்திருந்தது. ஆறாம் நாள் அவர் உடைந்த பல்லோடு வீடு திரும்பினார். ஊர் இரண்டையும் கூட்டிப் பார்த்துக்கொண்டது. அவரும் மறுக்கவில்லை.

"சாக்கு போட்டது அவருதான் சுந்தரி," என்றாள் ருக்மணி. "அடி தாங்காம உக்காந்தாரு. ஆனா ஒங்க தாத்தா வந்தப்ப இல்லன்னுதான் தலைய ஆட்டுனாராம்."

"இத மூணரை வருசமா ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தாரே. இதே வாசல்லதான் நின்னாரு. நீதான் கதவச் சாத்திட்ட."

சாத்தியது உண்மைதான். ருக்மணி அழவில்லை, காலில் விழவில்லை. அழுகிற தெம்பு அந்த ஊரில் யாருக்கும் மிச்சமிருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

சுந்தரி கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். சாக்கு ஆடிய அன்று அவள் திடலின் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். இந்தியர் வரிசையில் பதினேழு பேர். தாத்தாவுக்கு முன்னால் வந்தவர்களுக்குச் சாக்கு அசையவில்லை. தாத்தா வந்ததும் அதிகாரி சாக்கிடம் ஏதோ கேட்டான், அது அசைந்தது. மேலும் கீழுமாக இல்லை, பக்கவாட்டில். இல்லை என்று திரும்புவதாகவும் இருக்கலாம், சரி என்று சாய்வதாகவும் இருக்கலாம். கோணிச் சாக்குக்குள் எந்தக் கழுத்து எப்படிப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? ஜப்பான் அதிகாரி குழம்பித்தான் போனான். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளன், இந்தியர்கள் ஆமாம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள் என்று தன் தலையை ஆட்டிக் காட்டிச் சிரித்தான். அதிகாரியும் சிரித்தான். தாத்தாவை லாரிக்கு இழுத்தார்கள்.

லாரியில் ஏறும்போது தாத்தா அவளைத் திரும்பிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் வாயைத் திறந்து சொல்லச் சொன்ன மனிதர், அன்று வாயைத் திறக்கவில்லை. தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தார். போய் வருகிறேன் என்றா? பின்னால் வராதே என்றா? லாரி தெங்கேராக் கடற்கரைப் பக்கம் போனது. அவள் அந்த இரண்டு அசைவுகளையும் மூன்றரை வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டில் ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு அலுத்துவிட்டது.

மறுநாள் விசாரணை அதே திடலில், அதே கம்பி வேலிக்குள். சீனர்களும் தமிழர்களும் பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தில் வாழும், மலாய் பேசும் செட்டிகளுமாகக் கூட்டம் நெருக்கியது. முந்தின நாள் தெங்கேராவில் இரண்டு பேரை விசாரித்து, விசாரித்த இடத்திலேயே கதையை முடித்திருந்தார்கள். அதனால் இங்கும் நல்ல கூட்டம். ஒரு மேசைக்குப் பின்னால் காட்டுப்படைத் தலைவன் உட்கார்ந்திருந்தான். சண்டைக்கு முன்பு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சீனன். அவன் கண்ணிலும் தூக்கம் இல்லை. ஜெயபாலன் துப்பாக்கியோடு அவன் பக்கத்தில் நின்றான்.

கணேசமூர்த்தியைக் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சதை வற்றி எலும்பும் தோலுமாக இருந்தார். தலைவன் மலாயில் கேட்டான்: "சேதுபதியைக் காட்டிக்கொடுத்தது நீதானா?"

கணேசமூர்த்தியின் தலை ஆடியது.

கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் திரும்பி, இப்படியும் அப்படியும். அதே ஆட்டம். கூட்டம் ஓவென்று இரைந்தது. "மெங்காக்கு! மெங்காக்கு!" ஒப்புக்கொண்டான், ஒப்புக்கொண்டான் என்று மலாயில் கத்தினார்கள். ஜெயபாலன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான்.

இந்த முறை சாக்கு இல்லை. சுந்தரிக்கு அவருடைய முகம் தெரிந்தது. தலை ஆடும்போதே உதடும் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. இல்ல, இல்ல என்றுதான் உதடு போனது. அன்றும் சாக்குக்குள் உதடு இப்படித்தான் போனதா? அல்லது இன்றைக்கு உயிர்ப் பயத்தில் போகிறதா? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

தலைவன் அவள் பக்கம் திரும்பினான். "நீ அந்தப் பெரியவரின் பேத்தி. பார்த்தவள். சொல், இவனா?"

கூட்டம் அடங்கவில்லை. அத்தனை கண்ணும் அவள் தலையைப் பார்த்தன. அவளுக்குத் தன் கழுத்து அசையத் தொடங்குவது தெரிந்தது. பக்கவாட்டில். ஐயோ, இதுவும் அதே ஆட்டம்தானே! இந்தத் தலைவனும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வான். இரண்டு கையாலும் கொண்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தலையை நிறுத்தினாள்.

"புக்கான்," என்றாள். இவர் இல்லை. குரல் எழும்பவில்லை. தலைவன் காதுக்குப் பின்னால் கையை வைத்தான்.

"இல்ல!" என்று தமிழில் கத்தினாள். தலைவனுக்குத் தமிழ் தெரியாது. ஜெயபாலனுக்குத் தெரியும், ஆனால் அவன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். என்ன சொல்கிறாள் என்று தலைவன் அவனைப் பார்த்தான். அவன் சொல்லவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சொல் வந்தது. அரிசி இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா, ஒரு சிட்டிகை உப்பாவது இருக்கிறதா என்று கேட்ட போதெல்லாம், மூன்றரை வருடமாகச் சீனக் கடைக்காரர்கள் அவள் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே சொல். அவர்களுடைய சீனப் பாஷையில் 'இல்லை' என்பதற்குச் சொல் அதுதான்.

"போ!" என்றாள் அவள். "போ! போ! போ!"

மூன்றரை வருடத்துப் பசியும் அலுப்பும் சேர்ந்து அந்தக் குரலில் வந்தது. கூட்டம் வாயடைத்தது. சீனக் கிழவி ஒருத்தி, போ என்கிறாள், அவன் இல்லையாம் என்று பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னாள். தலைவன் சுந்தரியை வெகுநேரம் பார்த்தான். செத்தவரின் வீட்டுப் பெண்ணே இல்லை என்கிறாள். அன்று அவன் இன்னும் நாலு பேரை விசாரிக்க வேண்டியிருந்தது. கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

கணேசமூர்த்திக்குச் சீனம் தெரியாது. சேதுபதியின் பேத்தி தன்னைப் பார்த்துத் தமிழில் போ என்று சொல்வதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார். கட்டு அவிழ்ந்ததும் அவளை நோக்கிக் கும்பிட்டார். ருக்மணி வந்து கையைப் பிடிக்க, சொன்ன சொல்லைத் தட்டாதவராகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அப்படி எடுத்துக்கொண்டதிலும் தப்பில்லை என்று சுந்தரிக்குத் தோன்றியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜெயபாலன் நாலடி பின்னால் வந்தான். முச்சந்தி வந்தது. காவலாளி இல்லாத அந்த இடத்தைப் பார்த்து அவள் தலை வழக்கம்போலக் குனிந்தது. அவன் அதைக் கவனித்தான். காட்டிலேயே இருந்தவனுக்கு அது புதிது. அவன் முகத்தில் கோபம் கொஞ்சம் தளர்ந்தது.

"அக்கா, உண்மையச் சொல்லு," என்றான். "நெசமாவே அவன் இல்லையா?"

அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்திக்கொண்டாள்.

"தெரியலடா," என்றாள் வாயைத் திறந்து. "சத்தியமா எனக்குத் தெரியல. ஆட்டுன தலையப் பாத்து இன்னொரு ஆளச் சாகடிக்க என்னால முடியாது. சண்ட முடிஞ்சிருச்சின்னு சொன்னாங்க. எங்கயாவது ஒரு எடத்துல அது முடியணும்ல?"

வீட்டுக்கு வந்ததும் அவன் துப்பாக்கியைக் கதவு மூலையில் சாய்த்து வைத்தான். அவள் பாயை விரித்துப் படுத்தாள். நல்ல வெயில் நேரம், தெருவில் எங்கோ யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கதவச் சாத்தட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம், தொறந்தே இருக்கட்டும்," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "யாராச்சும் சொல்ல வந்தா சொல்லிட்டுப் போகட்டும்."