அப்ரூவல் ஆன நல்லான்

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா ஒழிந்து காசு புரண்ட வருடம், பனியன் முதலாளி லிங்கசாமி வெள்ளகோவிலில் ஆட்டுப்பண்ணை போட்டார். கொழுப்பில்லாத கறிக்குப் பெரிய ஓட்டல்களில் கிராக்கி என்று எவனோ சொல்லிவிட்டானாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த என்னை, விலங்கியல் பட்டத்துக்காக வேலைக்கு எடுத்தார். கொழுப்புக் குறைந்த குட்டிகள் பிறந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அவர் கம்பெனியில் பழையபடி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்ட வேண்டும்.

சந்தை சந்தையாக அலைந்து ஒரு மேச்சேரி இனக் கிடாய் பிடித்தேன். பேர் நல்லான். தொடை உருண்டை, முதுகில் கொழுப்பே தட்டுப்படாது. பெட்டைகளோடு ஐப்பசியில் சேர்ப்பதாக இருந்தேன்.

முதலாளிக்குத் தெரிந்ததெல்லாம் பனியன். ஆடுகளின் காதில் எஸ், எம், எக்ஸெல் என்று சைஸ் லேபிள் கட்டினார். துணியை வட்டமாக வெட்டி எடை பார்க்கும் கட்டரோடு ஒருநாள் வந்தார்.

"முதுவுல ஒரு வட்டம் எடுத்துப் பாத்துரலாங்களா அம்மிணி?"

பிடுங்கி ஒளித்து வைத்தேன்.

புரட்டாசி கடைசியில் லீவு போட்டுவிட்டுத் திரும்பினால் நல்லான் கொட்டில் காலி. முதலாளி முகமெல்லாம் சிரிப்பு.

"ஓட்டல்ல அப்ரூவல் குடுத்துட்டாங்க அம்மிணி!"

"எதுக்கு சார்?"

கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ராபின்தான் சொன்னான். "சாம்பிள் கேட்டாங்க. இருக்கதுலயே நல்ல பீஸா அனுப்பணும்லா?"

"நல்லானை வெட்டிட்டீங்களா?"

"பாதி ஓட்டலுக்கு, பாதி நமக்கு, ஒத்துப் பாக்கதுக்கு. வாங்குற பையர் கையெழுத்துப் போட்டு சீல் வச்சாச்சு." ஃப்ரீசரைத் திறந்தான். பாலித்தீன் பையில் பாதி நல்லான், டேக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

"இம்மி மாறாம இதே மாதிரி முந்நூறு உருப்படிங்க," என்றார் முதலாளி.

"அதுதான் சார் அப்பன்! அப்பன் இல்லாமக் குட்டி எங்கிருந்து வரும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதான் சாம்பிள் கையில இருக்குதுங்களே? பாத்துப் போட முடியாதுங்களா?"

கம்பெனியிலிருந்து வந்திருந்த கட்டிங் மாஸ்டர் அதற்குள் பேட்டர்ன் எடுக்க பிரவுன் பேப்பரை விரித்து, தொடையைச் சுற்றிக் கோடு இழுக்க ஆரம்பித்திருந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. படித்து என்ன மயிருக்கு? பாதி நல்லானைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டைகளுக்கு நடுவே போட்டேன். அவை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றன.

"ஏனுங்க அம்மிணி, என்ன பண்றீங்க?"

"புரொடக்‌ஷன் ஆரம்பிச்சாச்சு சார்."

லிங்கசாமி வாட்சைப் பார்த்தார். பெட்டைகளைப் பார்த்தார்.

"நைட் ஷிப்ட்டும் சேத்து ஓட்டிரலாங்களா?"

பிசிறு வெட்டும் கத்தரியை வீட்டில் எங்கே போட்டேன் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.