உயிரோடிருப்பவர்களுக்கான கோப்பை

ஆறு மணிக்கு எழுந்தேன். கெட்டிலைப் போட்டேன். இரண்டு முட்டை வேகவைத்தேன். நேற்றைய ரொட்டியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அடுப்பில் வாட்டினேன். அப்படிச் செய்தால் மறுபடியும் மென்மையாகும். நின்றுகொண்டே சாப்பிட்டேன். முகச்சவரம் செய்தேன். ஆறே முக்காலுக்குக் கதவைப் பூட்டினேன். எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறுவதற்குத்தான் காசு போட வேண்டும், இறங்குவதற்கு வேண்டாம். இறங்கினேன்.

எட்டு மாதமாகக் காலை இப்படித்தான் போகிறது. என் மனைவி தெக்லே பிப்ரவரியில் இறந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். கண் திறக்கவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயது. எனக்கு முப்பத்து மூன்று.

கீழே அவள் அண்ணன் மமூக்கா நின்றிருந்தான். காலடியில் நான்கு காலி பிளாஸ்டிக் கேன்கள். கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். சனிக்கிழமை கடையை மூடுவது வருடத்தில் ஒரே நாள்தான். அக்டோபர் முதல் சனிக்கிழமை, திராட்சைப் பறிப்பின் நடுவில், நாங்கள் மூன்று பேரும் மலைக்கு அந்தப் பக்கம், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த காஹேதிக்குப் போவோம். இரண்டு ஒயின் கூடங்களைப் பார்த்துவிட்டு மூன்றாவதாக, வீட்டிலேயே ஒயின் செய்யும் நுக்ஸாரிடம் போய்ச் சாப்பிட்டு, வருடத்துக்கான ஒயினை வாங்கிக்கொண்டு திரும்புவோம். தெக்லே குடிக்கமாட்டாள் என்பதால் அவள்தான் ஓட்டுவாள். இந்த வருடம் நான் ஓட்டுவதாகச் சொன்னேன். மமூக்கா மூன்று முறை கூப்பிட்டிருந்தான். மூன்றாவது முறை மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

"சாப்டியா மாப்ளே?" என்றான்.

"சாப்ட்டேன்."

"என்னத்த சாப்ட்ட? சட்டைக்குள்ள ஆள் இருக்கானான்னே தெரியல. கழுத்துப் பட்டன போட்டா முழுசா உள்ள போயிடுவ போல."

திபிலீசி நகரை விட்டு வெளியேறும் வரை அவனே பேசிக்கொண்டிருந்தான். கொம்போரி கணவாயில் பனிமூட்டம். வளைவுகளில் அவன் பேச்சை நிறுத்தினான். இறக்கத்தில் திடீரென்று கேட்டான்.

"நுக்ஸார் வீட்டுக்குத் தெரியாது. யாரும் சொல்லல. நானும் சொல்லல. நீ சொல்றியா ஓதார், நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன் மச்சான்."

"உள்ள நுழைஞ்சதுமே சொல்லிரணும். சாப்பாட்டு மேசைல உக்காந்துட்டா அப்புறம் சொல்ல முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

தெலாவி ஊருக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையில் நின்றன. டிரெய்லர் நிறையத் திராட்சை. தார்ச்சாலையில் சாறு சொட்டி, அதன்மேல் குளவிகள். ஓட்டுநர்கள் சாலையோரம் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

முதலாவது கூடம் பெரியது. வாசலில் இரண்டு பேருந்துகள். எஃகுத் தொட்டிகளைக் காட்டி ஒரு பெண் மனப்பாடமாகப் பேசினாள். மூன்று சிறிய கிளாஸ்களில் ஊற்றி, முகர்ந்து பார்க்கச் சொன்னாள். பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர் வாயில் வைத்துக் கொப்பளித்து வாளியில் துப்பினார்.

"துப்பறதுக்கா இவ்ளோ தூரம் பிளேன் ஏறி வந்தாரு?" என்றான் மமூக்கா.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவன் தன் மூன்று கிளாஸையும் என்னுடைய மூன்றையும் குடித்தான். ஒரு கேனும் நிரப்பாமல் கிளம்பினோம்.

இரண்டாவது கூடத்தை நடத்துபவன் என் வயதுக்காரன். முன்பு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். எங்களைப் பார்த்ததும் கையில் ஆளுக்கொரு வாளியும் வளைந்த கத்தியும் கொடுத்தான்.

"பேச நேரமில்ல. நாளைக்கு மழைன்றாங்க. அந்த ரெண்டு வரிசைய முடிச்சுக் குடுத்தீங்கன்னா ஒரு கேன் என் கணக்கு."

ஒரு மணி நேரம் பறித்தோம். சபெராவி என்ற கறுப்பு வகை. விரலெல்லாம் நீலமானது. அந்த ஒரு மணி நேரமும் சொல்லவேண்டியதை மனதில் சொல்லிப் பார்த்தேன். தெக்லே பிப்ரவரியில் இறந்துவிட்டாள். மூன்றே சொல். குலையை இடது கையில் பிடித்துக் காம்பை வெட்டும்போதெல்லாம் ஒரு முறை சொன்னேன். முப்பது முறையாவது சொல்லியிருப்பேன். சரளமாக வந்தது.

நுக்ஸார் வீட்டை அடைந்தபோது மணி இரண்டு. முற்றத்தில் மிதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. குடைந்த மரத்தொட்டியில் பக்கத்து வீட்டு சிமோன், அறுபது வயதுக்காரர், கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு மிதித்துக்கொண்டிருந்தார். சாறு ஓடையில் இறங்கி, தரையில் கழுத்துவரை புதைத்த தாழிக்குள் விழுந்தது. நுக்ஸார் நீளக் கோலால் இன்னொரு தாழியைக் கலக்கிக்கொண்டே கத்தினார்.

"வந்துட்டாங்கடா பட்டணத்துக்காரனுங்க! வேல முடியற நேரம் பாத்து வர்றதுக்குத் தனியாப் படிச்சிருக்கானுங்க!"

"நாங்க ரெண்டு வரிச பறிச்சுட்டுதான் வர்றோம்ணே," என்றான் மமூக்கா, விரல்களைக் காட்டி.

"அடப்பாவி, ஊரான் தோட்டத்துலயா?"

அப்போது அவர் மனைவி சியூரி அடுக்களையிலிருந்து வந்தார். கையில் மூடி போட்ட ஒரு கிண்ணம். முகமெல்லாம் சிரிப்பு. என் பின்னால் காரைப் பார்த்தார்.

"எங்க அவ? எறங்காம என்ன பண்றா?"

மூன்று சொல்லும் நாக்கில் இருந்தன.

"வரலக்கா," என்றேன்.

"ஏன்?"

"வேல."

சியூரியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான். "சனிக்கிழமையுமா வேல? கட்டுனவன் நீ கேக்க மாட்டியா? பாரு, அவளுக்குன்னே தனியா செஞ்சேன்." மூடியைத் திறந்தார். கத்தரிக்காய். எங்கள் ஊரில் அரைத்த வால்நட் இல்லாமல் கத்தரிக்காய் செய்யமாட்டார்கள். தெக்லேக்கு வால்நட் சாப்பிட்டால் வாய் அரிக்கும். போன வருடம் மேசையில் அவள் அதைத் தொடாமல் இருந்ததைச் சியூரி கவனித்திருக்கிறார். "பூண்டும் மல்லித்தழையும் மட்டும்தான். சரி, டப்பால போட்டுத் தரேன், கொண்டுபோய்க் குடு. சாப்ட்டுட்டு எனக்கு போன் பண்ணச் சொல்லு."

"சரிக்கா."

மமூக்கா என்னைப் பார்த்தான். நான் கை கழுவப் போனேன்.

மேசையைக் கொடிப்பந்தலுக்கு அடியில் போட்டிருந்தார்கள். காய்ந்த திராட்சைக் கொடியை எரித்து, அந்தக் கனலில் வாட்டிய பன்றிக்கறி. பாலாடைக்கட்டி, தக்காளி, நீள ரொட்டிகள். போன வருடத் தாழியின் தேன் நிற ஒயின், மண்குடத்தில். ஐந்து பேர் உட்கார்ந்தோம். நுக்ஸார்தான் மேசைத் தலைவர். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் கோப்பையைத் தொட முடியாது. நான் ஓட்டுவதால் எனக்கு விரல் உயரக் கோப்பை. உதட்டை நனைத்தால் போதும் என்று அனுமதி.

முதலில் கடவுளுக்கு. பிறகு அமைதிக்கு. பிறகு இந்த வருடத் திராட்சைக்கு.

"திராட்சைக்கு இவ்ளோ பேச்சுன்னா, கறி ஆறி மறுபடியும் பன்னியாகி எழுந்து ஓடிரும்," என்றார் சிமோன்.

"நீ மிதிச்ச ஒயின குடிக்கப் போறவங்களுக்காகத்தான்டா அவ்ளோ வேண்டிக்கிறேன்," என்றார் நுக்ஸார்.

நான்காவதற்கு அவர் எழுந்தே நின்றார். "இந்த மேசைக்கு வரவேண்டியவங்க, வர முடியாமப் போனவங்க. முதல்ல தெக்லே. அஞ்சு வருஷமா இந்த வீட்டுக்கு வர்ற பொண்ணு. ஒரு சொட்டு குடிக்காம நம்ம எல்லாரையும் விடக் கூட சிரிச்சவ. உடம்பு நல்லா இருக்கட்டும். வேல கொறையட்டும். அடுத்த வருஷம் கைல ஒரு புள்ளையோட வரட்டும். நூறு வயசு இருக்கட்டும்!"

"இருக்கட்டும்!" என்றார் சிமோன். "இருக்கட்டும்," என்றார் சியூரி. குடித்தார்கள்.

மமூக்காவின் கோப்பை மேசையிலேயே இருந்தது.

"என்னடா, கூடப் பொறந்தவளுக்குக் குடிக்க மாட்டியா?" என்றார் நுக்ஸார். குரலில் விளையாட்டு பாதிதான் இருந்தது. வாழ்த்துக்குக் குடிக்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் சிறிய விஷயமில்லை.

மமூக்கா கோப்பையை எடுத்தான். என்னைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தான். பிறகு நானும் உதட்டை நனைத்தேன்.

"கொஞ்சம் வா. கேன எறக்கணும்," என்றான் என்னிடம்.

காருக்குப் பின்னால் போனதும் என் சட்டையைப் பிடித்தான்.

"உசுரோட இருக்கறவளுக்குக் குடிக்கற மாதிரி என் தங்கச்சிக்கு என்னக் குடிக்க வெச்சுட்டியேடா."

"மன்னிச்சிரு மச்சான்."

"மன்னிப்ப தூக்கிக் குப்பைல போடு. அடுத்தது போனவங்களுக்கு. ஆளாளுக்கு அவங்கவங்க பேரச் சொல்லுவாங்க. நீ சொல்லலன்னா அவ அங்கயும் இல்ல. இப்ப குடிச்சதும் பொய். ரெண்டு எடத்துலயும் இல்லாம எங்கடா போவா அவ?"

"நீயே சொல்லிரேன்."

"நான் சொல்ல மாட்டேன். நான் என் அப்பா பேர சொல்லுவேன். பொண்டாட்டி பேர புருஷன் சொல்லணும்." சட்டையை விட்டான். கசங்கிய இடத்தைத் தடவிச் சரிசெய்தான். "எட்டு மாசமா அவ பேர நீ ஒரு தடவகூட சொல்லல. நான் கவனிச்சுட்டுதான் இருக்கேன்."

இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

நுக்ஸார் புதிதாக ஊற்றியிருந்தார். எல்லோர் முன்னாலும் ஒரு துண்டு ரொட்டி. இதற்குக் கோப்பைகளை மோதமாட்டோம். பெயரைச் சொல்லி ரொட்டியின்மேல் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் குடிப்போம். அவர் தன் பெற்றோரைச் சொன்னார். ஆற்றில் போன தம்பியைச் சொன்னார். சியூரி தன் அக்காவைச் சொன்னார். சிமோன் ஆறு பேரைச் சொன்னார், கடைசியில் ஒரு நாயையும் சேர்த்து. யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மமூக்கா தன் அப்பா பெயரைச் சொல்லி ஊற்றினான். ரொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

என் முறை.

"என் அப்பா, ஷால்வா," என்றேன். ஊற்றினேன். கோப்பையில் பாதி மீதி இருந்தது. இதோடு குடித்துவிட்டால் முடிந்தது. அடுத்த வாழ்த்து குழந்தைகளுக்கு. அதன்பின் கேன்களை நிரப்பி, டப்பாவை வாங்கிக்கொண்டு, இருட்டும் முன்பு கணவாயைத் தாண்டியிருக்கலாம்.

"தெக்லே," என்றேன். மீதியையும் ஊற்றினேன்.

நுக்ஸார் கோப்பையை இறக்கினார். "எந்தத் தெக்லே?"

"என்னோட தெக்லேதான்ணே. பிப்ரவரில."

சியூரி வாயைப் பொத்திக்கொண்டார். எழுந்தார். மேசை ஓரத்தில் கட்டி வைத்திருந்த டப்பாவை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் அங்கேயே வைத்தார். பிறகு என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். ஏப்ரனில் பூண்டு வாசனை.

"நூறு வயசு இருக்கணும்னு சொல்ல வெச்சியேடா என்ன," என்றார் நுக்ஸார். "கைல புள்ளையோடன்னு வேற சொன்னேன். கேட்டுட்டு உக்காந்திருந்தியே."

"வாசல்லயே சொல்லணும்னுதான் வந்தேன். வரல."

நுக்ஸார் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் மண்குடத்தை எடுத்து எல்லோர் கோப்பையையும் மறுபடி நிரப்பினார். என்னுடையதையும் நிரப்பினார். எழுந்து நின்றார். எல்லோரும் நின்றோம்.

"வெறும் பேர மட்டும் சொல்லிட்டு ஒருத்திய அனுப்பக்கூடாது. அவளப் பத்தி யாராவது ஏதாவது சொல்லணும். அதுவும் இந்த மேசைல ஒரு தடவ பொய்யா குடிச்சாச்சு."

மமூக்கா தொண்டையைச் செருமினான்.

"கடைசி நேரத்துல எங்கம்மா கையப் புடிச்சுட்டு, ‘அழாதம்மா, ஓதார பாத்துக்கோ’ன்னு..."

அவன் அம்மா இதை அடக்கத்தின்போது வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை. கேட்டவர்கள் அழுதார்கள், அதற்கு அது உதவியது.

"அப்படி எதுவும் சொல்லல மச்சான்," என்றேன். "ஆஸ்பத்திரில அவ பேசவே இல்ல. உனக்கும் தெரியும்."

மமூக்கா முகம் சிவந்தது. "பின்ன என்னதான் சொன்னா? நீதான கூட இருந்த? சொல்லு."

சொன்னேன். வியாழக்கிழமை, காலை ஏழரை மணி. தெக்லே குளித்துக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையில் முட்டை வறுத்த சட்டியைக் கழுவக் குழாயைத் திறந்தேன். எங்கள் வீட்டு கேஸ் ஹீட்டருக்கு இரண்டு குழாய் தாங்காது; ஒன்றைத் திறந்தால் மற்றதில் தண்ணீர் ஜில்லென்று போய்விடும். அது எனக்குத் தெரியும், ஐந்து வருடமாகத் தெரியும், அன்றைக்கு மறந்துவிட்டேன். அவள் உள்ளேயிருந்து கத்தினாள். நான் மூடிவிட்டு, "மூடிட்டேன்" என்று பதிலுக்குக் கத்தினேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் ரொட்டி வெட்டினேன். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்த பிறகுதான் போய்க் கதவைத் தட்டினேன்.

"என்னன்னு கத்துனா?" என்று கேட்டார் சியூரி.

"‘டேய் ஓதார், குழாய மூடுடா, தலைல இன்னும் சோப்பு இருக்கு!’"