வில்லு போட்ட கடைசி நிமிட கோல்

லிஃப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று போன் வந்தபோது மெக்கானிக் மதியச் சாப்பாட்டில் ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டுக் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், கதவை உதைப்பார்கள், அவள் குரலைக் கேட்டதும் "ஆம்பளை யாரும் வரலையா?" என்பார்கள். எல்லாம் பழகிப்போனதுதான்.

அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டி, அவள் நெஞ்சு உயரத்தில் நின்றிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்து, உள்கதவையும் ஒரு முழம் தள்ளினாள். கண்ணுக்கு நேராக இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அரைக்கால் சட்டை. பக்கத்தில் ஒரு காய்கறிப் பை.

"பயப்படாதீங்க சார், அஞ்சே நிமிஷத்துல..." என்று ஆரம்பித்தவள் அந்தக் கால்களை உற்றுப் பார்த்தாள்.

கால்கள் நேராக இல்லை. முழங்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு பூசணிக்காயை உருட்டிவிடலாம். இடது கெண்டைக்காலில் நீளமாக ஒரு தழும்பு. வளைந்த கால் ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும். ஆனால் இந்தக் கால்களை அவள் மூன்று வருடம் தினமும் தூங்கி எழுந்ததும் பார்த்திருக்கிறாள், பத்திரிகையிலிருந்து கத்தரித்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டிய படத்தில்.

"சார்... நீங்க வில்லுவா?"

 கால்கள் மடங்கி, ஒரு முகம் கீழே இறங்கி வந்தது. நரைத்த மீசை, தடிமனான கண்ணாடி.

"அப்படிக் கூப்பிட்டு யாராவது கேட்டு ரொம்ப நாளாச்சும்மா" என்றது முகம்.

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துறைமுகக் கால்பந்து அணியின் பதினொன்றாம் எண்! மஞ்சள் சட்டை! அவளுக்கு அப்போது பத்து வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. கோல்காவலருக்குக் 'கதவு' என்று பெயர், நடுவில் ஆடுகிறவர் 'தபால்காரர்', ஏனென்றால் அவர் அனுப்பிய பந்து விலாசம் தப்பாது. ஆனால் அவளுக்கு வில்லுதான் உயிர். அப்பாவின் ஒரே நல்ல பனியனில் மையால் 11 எழுதி அடி வாங்கியிருக்கிறாள். கால் வளையட்டும் என்று தொடைகளுக்கு நடுவே தலையணையை இடுக்கிக்கொண்டு ஒரு வாரம் நடந்ததில், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டதென்று அம்மா பதறி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"சார், கதவு எப்படியிருக்கார்?"

"அவன் பொண்ணு வீட்டுல இருக்கான். இப்ப நாலு பேரப்பிள்ளைங்க. ஒண்ணையும் தடுத்து நிறுத்த முடியலையாம்."

மெக்கானிக் கலகலவென்று சிரித்துவிட்டாள். அப்போதுதான் அந்தப் பழைய சண்டை நினைவுக்கு வந்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணனின் மருந்துக்கடை அடுத்த தெருவில்தான்.

"அண்ணா, கடையை விட்டுட்டு ஓடி வா. வில்லு என் லிஃப்டுல மாட்டியிருக்கார்."

"எந்த வில்லு?"

"எத்தனை வில்லு இருக்கு உனக்கு?"

போன் கட்டாகிவிட்டது. அவள் மேலே பார்த்துக் கைகளைப் பிசைந்தாள். "சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். உங்களை அஞ்சு நிமிஷத்துல இறக்கிடலாம். எங்க அண்ணன் வர்ற வரைக்கும் பொறுத்துக்க முடியுமா? முப்பத்தஞ்சு வருஷத்துச் சண்டை ஒண்ணு பாக்கி இருக்கு."

"உள்ள காத்து நல்லாதான் வருது" என்று வில்லு பையை ஒதுக்கிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வீட்டுல முட்டைக்கோசுக்குக் காத்துட்டு இருக்காங்க. காத்திருக்கட்டும்."

அண்ணன் படியேறி வந்தபோது மூச்சு இரைத்தது. காதில் பேனா, கையில் யாருக்கோ கொடுக்க எடுத்த இருமல் மருந்து. மேலே இருந்த முகத்தைப் பார்த்ததும் நாற்பத்தெட்டு வயது மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். அடுத்த நொடி தங்கையை முந்திக்கொண்டார்.

"சார், இறுதிப் போட்டி, கடைசி நிமிஷ கோல். கையில பட்டுதானே உள்ள போச்சு?"

"தலையால போட்டார்! நான் பார்த்தேன்!" என்று மெக்கானிக் கத்தினாள்.

"நீ எங்க பார்த்தே? முன்னாடி நின்னவர் முதுகைத்தான் பார்த்தே!"

இந்தச் சண்டையில் இருவரும் ஒருமுறை இரண்டு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவள் கல்யாணத்தன்று போட்டோவுக்கு நிற்கும்போதுகூட அண்ணன் காதருகே குனிந்து "கைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வில்லு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சத்தியமாச் சொல்றேன், இதை யாருமே என்கிட்ட கேட்டதில்ல. எல்லாரும் 'எப்படி உணர்றீங்க'ன்னுதான் கேட்டாங்க. தலையும் இல்ல, கையும் இல்ல. முதுகு."

"முதுகா?"

"காலுறை இறங்கிப்போச்சு. குனிஞ்சு இழுத்துவிட்டுட்டு இருந்தேன். தபால்காரன் அடிச்ச பந்து முதுகுல பொத்துன்னு விழுந்துச்சு. யார்ரா அடிச்சதுன்னு திட்டறதுக்குத் திரும்பினேன். பத்துப் பேர் மேல வந்து விழுந்துட்டாங்க."

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

எப்படியோ சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவை மூடி, மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை மூன்றாம் மாடித் தரைக்குச் சமமாக இறக்கினாள். திரும்பி வந்து கதவைத் திறந்தாள். வெளியே வந்த வில்லு அவள் தோளுக்குத்தான் இருந்தார். படத்தில் அவர் ஆகாயத்தை முட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் சொன்னது உங்களுக்குப் புரியணும்ல? இப்படி" என்று அவர் நடுக்கூடத்தில் குனிந்து இல்லாத காலுறையைப் பிடித்தார். "தம்பி, பையில இருக்கறதை எடுத்துப் போடுங்க."

மருந்துக்கடைக்காரர் முட்டைக்கோசை எடுத்தார். மெக்கானிக் செருப்பு அலமாரிக்கும் தீயணைப்பு உருளைக்கும் நடுவே கையை விரித்துக் 'கதவாக' நின்றாள். கோஸ் பறந்து வந்து வில்லுவின் முதுகில் பொத்தென்று பட்டு, அவள் விரல் நுனியை ஏமாற்றி, படிக்கட்டில் தடதடவென்று உருண்டு இறங்கியது.

"கோல்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கூவியதில் பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இங்க என்ன நடக்குது?"

"லிஃப்ட் ரிப்பேர்மா" என்றாள் மெக்கானிக், மூச்சு வாங்க.

பொய்யில்லை. கதவின் அடிப்பள்ளத்தில் சிக்கியிருந்த ஒரு பாட்டில் மூடிதான் காரணம். அதை நெம்பி எடுத்து, மெயினைப் போட்டாள். சரிசெய்தபின் மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மூவரும் உள்ளே ஏறினார்கள். முதல் தடவையில் 'கதவு' தடுத்த பெனால்டிகள் வந்தன. இரண்டாவதில் அந்தக் கெண்டைக்கால் தழும்பின் கதை, அது முடிவதற்குள் ஏழாம் மாடி வந்துவிட்டது. அண்ணனே கீழ் பொத்தானை அழுத்தினார். நான்காவது தடவையோ ஐந்தாவதோ, ஏழாம் மாடியில் கதவு திறந்தபோது வில்லுவின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னங்க, லிஃப்டுல மாட்டிக்கிட்டீங்கன்னு வாட்ச்மேன் சொன்னார். நீங்க ஊர்வலம் போறீங்களா?"

"அம்மா, அந்தக் கோல் முதுகுல பட்டதாமே!" என்று மெக்கானிக் பொங்கினாள்.

அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "முதுகா? தலையாலன்னுதானே என்கிட்ட சொன்னீங்க? அன்னிக்கு நெத்தியில தைலம்கூடத் தேய்ச்சுவிட்டேனே!"

வில்லு உச்சந்தலையைத் தடவிக்கொண்டார். "உள்ள வா. போற வழியில சொல்றேன்."

மனைவியும் ஏறிக்கொண்டார். தரைத்தளத்தில் வெகுநேரமாகக் காத்திருந்த வாட்ச்மேன், கதவு திறந்ததும், கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்த நான்கு பேரைப் பார்த்தார். யாரும் இறங்கவில்லை. அண்ணன் அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு மறுபடி ஏழாம் மாடிப் பொத்தானை அழுத்தினார்.