ஒலி வேண்டுமா என்று கேட்டது

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனுக்கு மூக்கு இருக்கக் கூடாது. எனக்கு இருந்து தொலைக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்பது மெஷின் வரும். ஒவ்வொன்றின் விசைகளுக்கு அடியிலும் ரொட்டித் தூள், நகத் துண்டு, முடி. அதுகூடப் பரவாயில்லை, பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் கையில் இருக்கின்றன. திறந்தால் உள்ளே கிடக்கும் குப்பைதான் குமட்டும். கேட்காத விளம்பரம், யாரும் தொடாத விளையாட்டு, 'வாங்க வாங்க' என்று பல்லிளிக்கும் பெட்டிகள். போதாததற்கு எல்லாம் சேர்ந்து டிங் டிங் என்று கத்தும். கடையைப் பூட்டும்போது காதைக் கழற்றிக் கழுவி வைக்கலாமா என்றிருக்கும்.

அதனால்தான் என் மெஷினுக்கு நானே ஒரு இயங்குதளம் கட்டிக்கொண்டேன். கட்டுவதற்கு முன் அது நம்மிடம் ஆயிரக்கணக்கான கேள்விகள் கேட்கும்: இது வேண்டுமா, வேண்டாமா? அவசரக்காரனுக்கு அது தண்டனை. எனக்கோ விருந்து. டீ ஆறி ஆடை படியும்வரை ஒவ்வொன்றாகப் படித்து 'வேண்டாம்' என்று தட்டுவேன். ஒரு வீட்டைக் கூட்டிப் பெருக்கிய நிம்மதி அதில் உண்டு. பிறகு மெஷின் அதைக் கட்டி முடிக்கும்வரை மணிக்கணக்கில் திரையில் எழுத்துகள் ஓடும். நடுவில் பிழை வந்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. சலித்ததே இல்லை.

அக்கா தன் மெஷினைக் கொண்டுவந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டேன். மகள் கல்லூரியில் வைத்திருந்த மெஷின் அது. அத்தானுக்கு அதை இயக்கத் தெரியாது. ஆனால் டிவி பார்க்கும்போது அதன் மூடிமேல் தட்டை வைத்துச் சாப்பிடத் தெரியும். இடுக்கெல்லாம் பிசுபிசுப்பு. மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து 'எனக்குப் பொண்ணே இல்லை' என்று பல் குத்தியபடியே சொல்கிற மனிதர் அவர். அக்காவின் போனை வாங்கித் தினமும் நோண்டுவார். அதனால் மகள், அத்தான் ஆபீஸ் போன பிறகு, பத்து மணிக்கு மேல் இந்த மெஷினில்தான் அக்காவைக் கூப்பிடுவாள்.

மூன்று வாரம் செலவழித்து அக்காவுக்கென்றே ஒன்று கட்டினேன். கண் மங்கியவளுக்காகப் பெரிய எழுத்து. விளம்பரம் இல்லை. 'இத்தனை தவறிய அழைப்பு' என்று பயமுறுத்தும் சிவப்பு எண்கள் இல்லை. ஒலி வேண்டுமா என்று கேட்டது. அன்றைக்குக் கடையில் கேட்ட டிங் டிங் இன்னும் மண்டைக்குள் இருந்தது. பேச்சுக் குரல் மட்டும் போதும், மணிச் சத்தம் வேண்டாம் என்று தட்டினேன்.

"பாப்பா கூப்பிட்டா வரும்ல?" அக்கா கேட்டது அது ஒன்றைத்தான்.

"வரும்க்கா. ஓரத்துல சின்னதா ஒரு பெட்டி தெரியும். அமுக்கினா போதும்."

பத்தொன்பது நாள் கழித்து அக்கா கடைக்கே வந்தாள். பாப்பா கூப்பிடவே இல்லை என்றாள். தானாகக் கூப்பிட்டு அவளுக்குத் தொந்தரவு தர வேண்டாமென்று காத்திருந்தாளாம். உடனே இணைப்பைத் திட்டினேன், அத்தானைத் திட்டினேன். அக்கா வீட்டுக்குப் போய், நான் மெஷினில் ஒளித்து வைத்திருந்த அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். பதினான்கு அழைப்புகள். எல்லாம் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், அக்கா அடுப்படியில் நிற்கும் நேரம். மணி அடித்தால் ஈரக் கையோடு ஓடிவருவது அவள் வழக்கம். அது இத்தனை நாளும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கடைசி அழைப்புக்குக் கீழே ஒரு செய்தி. நான் பெரிதாக்கி வைத்த எழுத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. அக்கா கண்ணாடி இல்லாமலே படித்தாள்.

"உனக்கும் நான் வேண்டாம்னு புரிஞ்சுதும்மா. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதைதான். மற்றவர்களின் அழுக்கைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவன், என் மேல் அடித்த நாற்றத்தை அன்றுதான் முகர்ந்தேன். அத்தானாவது வெறும் தட்டைத்தான் வைத்தார்.

என் போனிலிருந்து பாப்பாவைக் கூப்பிட்டேன். சொந்தக்காரர்கள் யார் அழைத்தாலும் அவள் எடுப்பதில்லை, எடுக்கவும் இல்லை. பிறகு அந்தக் கேள்விகளைத் திறந்து, ஒலி இருக்கும் இடத்தைத் தேடி, வேண்டும் என்று தட்டினேன். மறுபடி கட்டி முடிக்க நாலு மணி நேரம். வழக்கமாக நான் ருசித்துப் பார்க்கிற அந்த ஓடும் எழுத்துகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் விசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் அவளே மகளின் பெயரை அமுக்கினாள். மணிச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அமுக்கினாள். ஐந்தாவது முறையும் யாரும் எடுக்கவில்லை. அத்தான் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"அவளுக்குக் கேட்டிருக்காதுடா," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ மெஷினையும் யாராவது நல்லா சரி பண்ணிக் குடுத்திருப்பாங்க."