ஆர்ப்புக்கு ஓர் ஆள்

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று காலையில் தாமோதரன் இரண்டு பொய்கள் சொன்னார்.

முதல் பொய் தொலைபேசியில். பெங்களூரிலிருந்து அண்ணி சரோஜினி கூப்பிட்டிருந்தாள். அண்ணன் போன பிறகு அவள் மகன் பிரமோதோடு அங்கேயே தங்கிவிட்டாள்.

"தாமு, பிரமோதுக்கு லீவு கிடைக்கல. நான் தனியா பஸ் ஏறலாம்னா முழங்கால் இப்படி இருக்கு."

"வேண்டாம் ஏடத்தி. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துப்பே? பலகை வெப்பே, அடை வேக வெப்பே, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆர்ப்புக்கு ஆள் வேணாமா? ஒருத்தன் கூப்பிட, இன்னொருத்தன் பதில் சொல்லணும். ஓணத்தப்பனை முற்றத்துல உக்கார வெச்சுட்டுக் கூப்பிடாம விட்டா, வாசலுக்கு வந்தவர வாங்கன்னு கூடச் சொல்லாத மாதிரி. அதுக்கு வைக்காமலே இருக்கலாம். தீட்டு வருஷம்னு போன வருஷம் வைக்கல, இந்த வருஷமும் போகட்டும்."

"லோனப்பன் வரேன்னிருக்கான்."

"பக்கத்து வீட்டு லோனப்பனா? வேதக்காரன் வந்து ஆர்ப்பு சொல்லுவானா?"

"தொண்டை தொண்டைதானே ஏடத்தி."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துபோனது. லோனப்பனிடம் அவர் இன்னும் வாயே திறக்கவில்லை.

கேட்டுவிடலாம் என்றுதான் மதில் பக்கம் போனார். லோனப்பன் கொல்லையில் பெரிய வார்ப்பில் நேந்திரங்காய் வறுவல் போட்டுக்கொண்டிருந்தான். ஓணம் முடியும்வரை அவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மேலெல்லாம் தேங்காயெண்ணெய் வாசனை. தாமோதரன் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து, "எண்ணெய் இந்த வருஷம் என்ன விலை?" என்று கேட்டு வைத்தார்.

"அதைக் கேக்காதீங்க தாமுவேட்டா, அடுப்பு அணைஞ்சுடும்." லோனப்பன் சல்லடைக் கரண்டியை உதறினான். "நாளைக்கு யாரோட ஆர்ப்பு? காக்காவோடயா?"

"பிரமோத் வரான். ராத்திரி பஸ்."

நாக்கு அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"அப்படியா, நல்லது. வரலேன்னா என் தொண்டை சும்மாதான் கிடக்குதுன்னு சொல்ல வந்தேன். எங்க வீட்ல ஓணம்னா சோறு மட்டும்தானே. வெடிகாலைல எனக்கென்ன வேலை?"

அதை ஒரு நிமிஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று தாமோதரனுக்குத் தோன்றியது. கிண்டலை முதலில் எடுத்துவிட்டு உபகாரத்தைப் பின்னால் வைப்பது லோனப்பனின் வழக்கம். இனி, பையன் வரவில்லை என்று சொன்னால் அந்த நிமிஷத்துப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வேறு யாரையும் கேட்பதற்கில்லை. திருவோணத்து விடியலில் ஊரிலுள்ள ஒவ்வோர் ஆணும் அவனவன் முற்றத்தில் நிற்பான். அந்த ஒரு நாழிகைக்கு ஆளைக் கடன் வாங்க முடியாது.

இத்தனை வருஷமும் அண்ணன் பத்மநாபன்தான் கூப்பிட்டார். பப்பேட்டன் என்றால் இரிஞ்ஞாலக்குடா பஸ் நிலையம் வரைக்கும் தெரிந்த குரல். வேட்டியை இறுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "ஆர்ப்போ" என்று நீட்டினால் கூரை ஓட்டில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழும்பும். தாமோதரன் பின்னால் நின்று, "இர்ரோ, இர்ரோ, இர்ரோ" என்பார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அந்த இடம்தான். கல்யாணம் வேண்டாம் என்றபோதும், ஹோமியோ வைத்தியசாலையில் மருந்து கட்டிக் கொடுக்கும் வேலையே போதும் என்றபோதும், எல்லாரும் ஏதேதோ சொன்னார்கள். பப்பேட்டன் ஒன்றும் சொல்லவில்லை. ஓணத்துக்கு மட்டும், "பின்னால நில்லுடா" என்பார். அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் விடியலுக்கு முன் குளித்து, ஈரத்தலையோடு தாமோதரன் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தார். முற்றத்தை மெழுகி அரிசிமாவுக் கோலம் இட்டார். பலகை போட்டு, வாழையிலை விரித்து, களிமண் ஓணத்தப்பன்களை உட்கார வைத்தார். மாவு கரைத்து மேலே ஊற்றி, தலையில் ஈர்க்கில் குத்திய செம்பருத்தியும் அடியைச் சுற்றித் தும்பைப்பூவும் வைத்தார். நடு ஓணத்தப்பன் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினார். போதவில்லையோ என்று மறுபடி நிமிர்த்தினார். விளக்கை ஏற்றினார். இலையில் வெந்த அடையை ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார். தேங்காயை உடைத்தார்.

பிறகு இரண்டடி பின்னால் தள்ளி, கை கட்டி நின்றார்.

தான் காத்துக்கொண்டிருப்பது அவருக்கு உடனே புரியவில்லை. வாய் தயாராக இருந்தது, மூச்சும் பிடித்தாயிற்று. முன்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி, கூப்பிடும் குரலுக்காக அவர் நின்றுகொண்டிருந்தார். அடையின் ஆவி மெலிந்தது.

அப்போது வயலுக்கு அந்தப் பக்கத்து வாரியத்து வீட்டிலிருந்து குரல் எழுந்தது. "ஆர்ப்போ..."

"இர்ரோ, இர்ரோ, இர்ரோ" என்றார் தாமோதரன், முழுத் தொண்டையில்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது. வேறொரு வீட்டு முற்றத்துக்கு வந்த ஓணத்தப்பனை அவர் வரவேற்றிருக்கிறார். தன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாரியத்து வீட்டில் கூட்டமாக மறுகுரல் எழுந்தது. அதில் இவருடையது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் மதிலுக்கு மேலே லோனப்பனின் தலை தெரிந்தது. வாயில் பல் துலக்கும் பிரஷ்.

"ஏட்டா, யார் வீட்டு ஓணத்துக்குப் பதில் சொல்றீங்க?"

தாமோதரன் குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

லோனப்பன் பலகையைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். பிரஷை வாயிலிருந்து எடுத்தான். "பிரமோத் எங்க?"

"உள்ள. பஸ்ல வந்த அலுப்பு. தூங்கறான்."

படியில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. லோனப்பனின் கண் அங்கே போய்விட்டு வந்தது.

"எழுப்பி விடுங்க. வெளிச்சம் வந்தாச்சு." வேறொன்றும் சொல்லாமல் அவன் தலை மதிலுக்குக் கீழே மறைந்தது. வாளி உருளும் சத்தம் கேட்டது. கொல்லைக் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

தாமோதரன் பப்பேட்டன் நிற்கும் இடத்துக்குப் போனார். இரண்டடிதான். அங்கிருந்து பார்த்தால் விளக்கு வேறு மாதிரி தெரிந்தது. பின்னால் யாரும் இல்லாதது முதுகில் தெரிந்தது.

"ஆர்ப்போ" என்றார். குரல் பாதியில் உடைந்தது. மறுகுரலுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா நின்றார். கொல்லையில் ஓர் அணில் கத்தியது.

இரண்டாவது தடவை கொஞ்சம் நீட்டினார். புறா எதுவும் எழும்பவில்லை. மறுபடியும் அந்த இடைவெளி. பதிலையும் தானே சொல்லிவிடலாமா என்று யோசித்தார். தானே அழைத்துத் தானே வருவதா? அது வேண்டாம். அண்ணி சொன்னதுதான் சரி, வைக்காமலே இருந்திருக்கலாம். ஆனாலும் மூன்றாவது பாக்கி இருந்தது. விளக்கைப் பார்த்துக்கொண்டு, வேட்டியை இறுக்கி, அவர் கூப்பிட்டார்.

"ஆர்ப்போ..."

"இர்ரோ, இர்ரோ, இர்ரோ."

மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கோ தாழ்வாக, குனிந்து உட்கார்ந்தவன் குரல்போல் வந்தது. மீசை முளைக்காத பையன் பேசுவதுபோல மெல்லிய குரல். கடைசி 'இர்ரோ' தாங்காமல் கிறீச்சிட்டது. உடனே லோனப்பன் மனைவி ரோஸிலியின் குரல், "உங்களுக்கு என்ன ஆச்சு மனுஷா?" என்றது. "சும்மா இருடீ" என்றது இன்னொன்று, தடித்த சொந்தக் குரலில்.

தாமோதரன் மதில் பக்கம் திரும்பவில்லை. ஓணத்தப்பனுக்கு நமஸ்காரம் செய்தார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சூரியன் ஏறிய பிறகு லோனப்பன் வாசல் வழியாக வந்தான். கையில் வெல்லப்பாகு பூசிய வறுவல், சர்க்கரை வறட்டிப் பொட்டலம்.

"பையனுக்கு."

"மறுபடி படுத்துட்டான்."

"தூங்கட்டும். குரல் பரவாயில்ல அவனுக்கு."

"அண்ணன் குரல்," என்றார் தாமோதரன்.

லோனப்பன் தொண்டையைச் செருமினான். அவனுக்குக் குரல் கம்மியிருந்தது. பிறகு, "வீட்டுல மச்சினன்லாம் வராங்க ஏட்டா, நான் போறேன்" என்று போய்விட்டான்.

மத்தியானம் தாமோதரன் இரண்டு இலை போட்டார். இரண்டிலும் பரிமாறினார். ஓர் இலையில் சாப்பிட்டார். மதிலுக்கு அப்பால் ஆட்களும் சிரிப்புமாக இருந்தது. பாயசத்தில் வெல்லம் கொஞ்சம் தூக்கல். அதைச் சொல்லி ஏசுவதற்கும் யாரும் இல்லை.

சாயங்காலம் அண்ணி கூப்பிட்டாள்.

"வெச்சியா தாமு? லோனப்பன் வந்தானா?"

"வந்தான்" என்றார். சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று உறைத்தது.

"சத்தமாச் சொன்னானா?"

"சொன்னான் ஏடத்தி." முற்றத்தில் விளக்கின் திரி கருகியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பிரமோத் சின்ன வயசுல சொல்லுவானே, அந்த மாதிரி சொன்னான்."